எட்டாவது துளை

பாலிக் பூலாவில் வாடகை மலிவு என்றார்கள்.
ஏன் மலிவு என்று
நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் மலை. அந்தப் பக்கமும் மலைதான்.
கைப்பேசியில் ஒரே ஒரு கோடு,
அதுவும் கழிப்பறைச் சன்னலில் நின்றால்.
சிம் போட்ட மோடத்தை நெகிழிப் பையில் முடிந்து
ராஃபியா கயிற்றில் வெளியே தொங்கவிட்டேன்.
காற்றடித்தால் இரண்டு கோடு.
மழை பெய்தாலோ
நனைந்த டுரியான் இலைகள்
எல்லாவற்றையும் குடித்துவிடும்.

காப்புறுதிப் படிவங்களைத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு.
யாரோ ஒருவரின் சிறுநீரகம்
பாதி ஏறி நின்றுவிடும்.
வட்டம் சுற்றும், சுற்றும்.
கோலாலம்பூரிலிருந்து தர்மவதி கேட்பாள்,
"அக்கா, இருக்கீங்களா?"
இருக்கிறேன்.
நான் இருக்கும் சேதிதான் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது விண்ணப்பத்துக்குத்தான் ஆள் வந்தான், ஹஃபிசாம்,
ஏணியும் தலைக்கவசமுமாக.
பதினான்காம் கம்பத்தின் கறுப்புப் பெட்டியைத் திறந்து
படம் பிடித்து இறங்கிவந்து காட்டினான்.
எட்டுத் துளை. எட்டிலும் கம்பி.
"பெனோ, காக்."
விருந்து முடித்தவன் குரலில் சொன்னான்.
இன்னொரு பெட்டி வைக்க மாட்டார்களா?
இந்தத் தாமானில் ஆள் குறைவாம், அதனால் வைக்க மாட்டார்களாம்.
ஆள் குறைவு, ஆனால் இடமில்லை.
வாய்விட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான், பாவம்.

அன்று மாலை கழுத்து வலிக்க வலிக்க
ஒவ்வொரு கம்பியாகப் பின்தொடர்ந்து நடந்தேன்.
ஒன்று சூராவுக்கு.
ஒன்று நாலு நம்பர் கடைக்கு.
ஒன்று கோழிக்காரர் வீட்டு மாடிக்கு,
அங்கே பையன்கள் திரையில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
மற்றவை எங்கெங்கோ, விளக்கு எரியும் வீடுகளுக்கு.
எட்டாவது
சாதிக்காய் மரங்களுக்குள் புகுந்து
ஒரு பூட்டிய வீட்டில் முடிந்தது.

துருப்பிடித்த பூட்டு.
கதவுக்கு மேலே மட்டும் ஒரு கேமரா,
பச்சைப் புள்ளி மினுங்க
ஆளில்லாத வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோபம் வந்தது எனக்கு.
வீட்டுக்குப் போய்
போன மாத நாட்காட்டியைக் கிழித்து
அதன் முதுகில் பெரிய எழுத்தில் மலாயில் எழுதி
கேட்டுக்கு வெளியே நின்று தூக்கிப் பிடித்தேன்:
வேண்டாமென்றால் இந்த லைனை விட்டுக்கொடுங்கள்.

கேமரா இருமியது.
முதலில் ஹொக்கியனில் ஏதோ. பிறகு மலாயில்:
"கொஞ்சம் தள்ளி நில். மரம் தெரியவில்லை."

பெயர் கோ. பஸ் ஓட்டியவர்.
இப்போது பட்டர்வொர்த்தில், முதியோர் இல்லத்தில்,
மூன்றாம் கட்டில்.
மகன் பணம் கட்டுகிறான். இவர் மரம் பார்க்கிறார்.
லைனைத் தர முடியாது என்றார், யோசிக்காமல்.
நான் திரும்பி நடந்தபோது
கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
தெருவுக்கே கேட்க:
மனைவியின் பெயர். அவள் போன வருடம்.

கேட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
மடியில் கணினி, காலடியில் கொசுவர்த்தி.
சிறுநீரகங்கள், கண்புரைகள், உடைந்த முழங்கால்கள்
ஒரே மூச்சில் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தன.
வாடகை, குரங்கு விரட்டுவது.
"இடப்பக்கம்! அட, இடப்பக்கக் கிளை!"
குடையை ஓங்கிக்கொண்டு ஓடுவேன்.
"அங்க என்னக்கா சத்தம்?"
ஆபீஸ்தான், என்பேன்.

நேற்றுக் குறுஞ்செய்தி வந்தது:
உங்கள் விண்ணப்பம் வரிசையில் உள்ளது,
துளை காலியானதும் அழைப்போம்.

துளை எப்படிக் காலியாகும் என்று எனக்குத் தெரியும்.

இன்று பத்து மணியாகியும் கேமரா பேசவில்லை.
பச்சைப் புள்ளி எரிகிறது.
பெரிய குரங்கு ஒன்று நிதானமாக இறங்கிவந்து
சாதிக்காய் ஒன்றைக் கடித்துத் துப்பியது,
அடுத்ததைப் பறித்தது.
குடையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
என்னை யாராவது திட்டட்டும் என்று.